முகமும் கையும்

— கையைக் காட்டுங்க அண்ணி. ரெண்டையும். விரிச்சு.

— காலையிலேருந்து மூணு தரம் காட்டியாச்சு, தத்தேயோ.

— நகத்துக்குள்ள சிவப்பு நிக்குது. எலுமிச்சம்பழமும் சாம்பலும் போட்டுத் தேய்ங்கன்னேனா இல்லையா?

— தேய்ச்சேன். தோல்தான் போச்சு. சாயம் அரைக்கிறவ நகத்துல சாயம் இல்லேன்னாத்தான் சந்தேகம் வரும். விடு.

— கர்தினாலோட செயலாளர் சாமி வர்றாரே, அதையே அவர்கிட்டயும் சொல்லுங்க. 'சாயம் அரைக்கிறது மட்டுந்தான் சாமி என் வேலை.' எங்க, சொல்லுங்க கேப்போம்.

— சாயம் அரைக்கிறது மட்டுந்தான் என் வேலை.

— இப்படி முறைச்சுக்கிட்டு சொன்னா எவன் நம்புவான்? கொஞ்சம் குழையுங்க. சத்தியமா சொல்றேன் அண்ணி, திங்கக்கிழமை கைதிங்க சங்கிலி கிளம்புது. நாப்பத்தோரு பேரு. எங்கண்ணன் பதினேழாவது. மனு எழுதப் போன இடத்துல பட்டியலை என் கண்ணால பாத்தேன். கழுத்துல வளையத்தை மாட்டி ரோமாபுரியிலேருந்து கடற்கரை வரைக்கும் நடத்தியே கூட்டிட்டுப் போவானுங்க. அப்புறம் கப்பல்ல மூணு வருஷம் துடுப்பு. பெஞ்சுலயே தூக்கம், பெஞ்சுலயே மூத்திரம். போன தடவை போனவன்ல பாதிப்பேரு திரும்பலை.

— இதை நூறு தடவை சொல்லிட்ட.

— நூத்தியொண்ணாவது தடவையும் சொல்வேன். இன்னிக்கு வெள்ளிக்கிழமை. நடுவுல ரெண்டே நாள். கர்தினால் ஒருத்தர் வாயைத் திறந்தாத்தான் உண்டு. அவர் எதுக்குத் திறக்கணும்? அண்ணன் எர்கோலே வெளிய வந்தாத்தான் அவர் கேட்ட ஏழு படத்துல பாக்கி அஞ்சும் கிடைக்கும்னு தோணணும். இந்தப் படத்தைப் பாத்துட்டு அந்தச் செயலாளர் சாமி நேரா அரண்மனைக்குப் போய், 'இந்தக் கையை விட்டுடாதீங்க'ன்னு சொல்லணும்.

— சொல்வார்.

— சொல்வார்னு எனக்கும் தெரியும். ஆனா அது அண்ணன் கைன்னு நம்பிச் சொல்லணும். ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்கு? நான்தானே படிச்சுக் காட்டினேன்?

— 'மேகம், துணி, நெருப்பு, குதிரை இதையெல்லாம் பட்டறையில யார் வேணா போடலாம். முகமும் கையும் ஆசான் எர்கோலே தன் கையாலேயே போடணும்.'

— அதான். அப்போ முகம் எல்லாம் எப்ப முடிஞ்சது?

— பேதுரு திருநாளுக்கு முன்னாடி.

— ஏன்?

— திருநாளுக்கு முந்தின சாயங்காலம் அவர் கவர்னரோட சேவகன் தாடையை ஸ்டூலால உடைச்சார். அன்னிக்கே பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் ஏழு வாரமா யாரும் இந்தக் கித்தான்ல கை வைக்கலை.

— அப்படி! படத்துல பின்னால நிக்கிற பொண்டாட்டி முகம் மட்டும் ஏன் வெறுமையா இருக்கு?

— அவர் வந்து முடிக்கணும்னு.

— அதைச் சொல்றப்பக் கொஞ்சம் கண் கலங்கினா நல்லா இருக்கும்.

— எனக்கு வராது.

— நேத்து ஜெயிலுக்குக் கூடையில சாப்பாடு கொண்டு போனீங்களே, அண்ணன் என்ன சொன்னார்?

— சிவப்பை ரொம்பப் போடாதேன்னார்.

— அவ்வளவுதானா?

— அப்புறம் அழுதார். துடுப்பு பிடிச்ச விரல் திரும்ப மடங்காதாம். இனிமே பிரஷ் பிடிக்க முடியாதேன்னு அழுதார். கூடை காலியானதும் திருப்பிக் குடுத்துட்டார்.

— பாவம் அண்ணன். கோவக்காரன், ஆனா மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டான். உங்களை ஒரு நாள் அடிச்சிருப்பானா?

— இல்லை.

— பாத்தீங்களா. இருங்க… கீழ கோவேறு கழுதை நிக்கிற சத்தம். வந்துட்டார். அந்தச் சாயப் பலகையை மறைங்க. பலகையை, பலகையை! ஈரப் பலகையை நடுக்கூடத்துல வச்சுக்கிட்டு ஏழு வாரமா கை வைக்கலைன்னு சொல்லப் போறீங்களே!

— கட்டிலுக்கடியில தள்ளு. கத்தாதே.

— வாங்க சாமி, வாங்க! படி செங்குத்து, பாத்து வாங்க. அந்தக் கயித்தைப் பிடிச்சுக்கங்க.

— இருக்கட்டும், இருக்கட்டும். நாலாவது மாடி. ஓவியனைக் கேட்டா வெளிச்சத்துக்காகன்னு சொல்வான். சேவகன் ஏற மாட்டான்னுதான் நிஜக் காரணம். ஆனா உங்க வீட்டுக்கு ஏறிட்டானே. நீ யாரு தம்பி?

— எர்கோலேக்குத் தம்பி சாமி, தத்தேயோ. இவங்க என் அண்ணி, செத்திமியா.

— உன்னை எங்கயோ பாத்திருக்கேன். மடத்துப் பள்ளியில லத்தீன் படிச்சுட்டு நடுவுல ஓடிப் போனவன்தானே?

— மூணாம் வருஷம் சாமி. பிரம்படி தாங்கலை.

— எனக்கும் தாங்கலை. நான் ஓட பயந்துக்கிட்டு உக்காந்துட்டேன், அதான் இப்படி ஆயிட்டேன். இந்த நாற்காலி தாங்குமா? என் கால்ல வாதம். சரிம்மா, துணியை எடு. சன்னலைப் பாதி சாத்தும்மா. ம். அப்படியே விடு.

— கொஞ்சம் மது கொண்டு வரவா சாமி? சில்லுனு இருக்கு. தர்ப்பூசணியும் வெட்டி வச்சிருக்கேன்.

— பேசாம இரு தம்பி.

— …

— இந்தப் படத்தோட லத்தீன் கவிதையை நாப்பது வருஷமா படிக்கிறேன். பட்டணம் பத்தி எரியுது, கிழட்டு அப்பனைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஒருத்தன் ஓடறான். கர்தினால் குடும்பத்துக்கு அவன்தான் மூதாதைன்னு அவங்க வீட்டுல சொல்லிக்குவாங்க. நிஜமா பொய்யா, அது நமக்கு எதுக்கு. ஆனா அப்பனுக்கு எடை உண்டுன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது. பாரு, அவன் முழங்கால் நடுங்குது.

— அண்ணன் அதுக்கு ரொம்ப உழைச்சார் சாமி.

— முதல் படத்துல, அதான் அந்தப் புயல் படத்துல, மாலுமிங்க எல்லாருக்கும் ஒரே மூஞ்சி. கை எல்லாம் பஞ்சு அடைச்ச கையுறை மாதிரி. கர்தினால் பாத்துட்டு ஒண்ணும் சொல்லலை. அவர் ஒண்ணும் சொல்லலைன்னா பிடிக்கலைன்னு அர்த்தம். வேற ஆளைப் பாக்கலாமான்னு என்னைக் கேட்டார்.

— ஐயோ சாமி!

— இப்ப கேக்க மாட்டார். ஏம்மா, இந்தப் பெரியவர் முகம், நாங்க அனுப்பின மெழுகு முகத்தை வச்சுப் போட்டதா?

— ஆமா சாமி. கர்தினாலோட அப்பா செத்தப்ப எடுத்த அச்சு. ஈஸ்டருக்கே வந்துடுச்சு.

— அந்த மெழுகுல வாய் உள்ள போயிருந்துச்சே. இங்க ஏதோ சொல்ல வந்து நிறுத்தின மாதிரி இருக்கு. அவர் அப்படித்தான் இருப்பார். எப்படித் தெரிஞ்சது உன் புருஷனுக்கு?

— தெரியலை சாமி. சாயம் அரைக்கிறது மட்டுந்தான் என் வேலை.

— ஆனா இந்தக் கழுத்துல ஒரு குறை. நீலம் ஜாஸ்தி. இருட்டுல தீ பக்கத்துல நிக்கிறவன் கழுத்துல நீலம் எங்கேருந்து வரும்?

— அந்தப் பக்கம் தீ படலையே. அங்க நீலம் இல்லேன்னா இந்தப் பக்கம் சிவப்பு எரியாது. கட்டை விரலால நீலத்தை மறைச்சுட்டுப் பாருங்க, தீ அணைஞ்சுடும்.

— அப்படின்னு அண்ணன் அடிக்கடி சொல்வார் சாமி! சாப்பிடறப்பக் கூட நீலம், நீலம்னுதான் பேச்சு. அண்ணிக்கு மனப்பாடம்.

— மறைச்சுப் பாத்தேன். அணையுது. நல்ல மனப்பாடம். அந்தத் தெய்வச் சிலைங்களைப் பெரியவர் கையில குடுத்தது ரொம்பச் சரி. மகன் கையில ரத்தம். சண்டையிலேருந்து வர்றவன், தீட்டுக் கையால வீட்டுத் தெய்வத்தைத் தொடக்கூடாதுன்னு அப்பன்கிட்டக் குடுக்கறான். கவிதையில அப்படித்தான் இருக்கு. ஓவியனுங்க இதைக் கவனிக்கிறதே இல்லை. எல்லாரும் மகன் கையில குடுத்துடறாங்க.

— நாங்களும் முதல்ல மகன் கையிலதான்… அதாவது, அவர் முதல்ல அப்படித்தான் போட்டிருந்தார்.

— தெரியும்மா. கரிக்கோட்டு மாதிரியைப் பாத்துட்டு நான்தானே திருத்தி எழுதி அனுப்பினேன்.

— ஆமா சாமி. உங்க கடுதாசி வந்ததும் மாத்திட்டோம்.

— அண்ணி!

— கடுதாசி எப்பம்மா வந்தது? நான் சொல்றேன். மதலேன் மரியாள் திருநாள் அன்னிக்கு உக்காந்து எழுதினேன். பேதுரு திருநாள் முடிஞ்சு மூணு வாரம். அப்ப உன் புருஷன் ஜெயில்ல இருந்தான். படிச்சுச் சொன்னது யாரு, இந்தத் தம்பியா? கடுதாசி வந்ததும் அப்படியே மாத்திட்டீங்க. ஒரு வார்த்தை விடாம. கர்தினால் வீட்டுக் கடுதாசின்னா அவ்வளவு பயம். மாத்தாம விட்டிருந்தா நான் திட்டியிருப்பேன், அதோட போயிருக்கும்.

— சாமி, ஒரு நிமிஷம், சத்தியமா விளக்கிடறேன். அண்ணன் ஜெயிலுக்குள்ள இருந்தபடியே அந்தக் கையை வரைஞ்சு அனுப்பினார். கூடைக்கடியில மடிச்சு வச்சு. அண்ணி அதை ஒத்தி எடுத்து, கோட்டுக்குள்ள சாயத்தை அப்பினாங்க. அவ்வளவுதான். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி.

— ஆமா சாமி. அந்த ரெண்டு கை மட்டுந்தான் நான்.

— ரெண்டு கை மட்டும்.

— ஒப்பந்தத்தை மீறினது தப்புதான். தண்டனை என்னவோ எனக்குக் குடுங்க. அவர் பேரை மட்டும் பட்டியல்லேருந்து எடுத்துடச் சொல்லுங்க.

— உனக்கு விஷயம் புரியலைம்மா. நான் கோவப்படலை. உக்காரு. நீயும் உக்காரு தம்பி, வாசல்லயே நின்னுக்கிட்டு இருக்காதே. கவர்னர் யாரு, கர்தினால் யாரு, தெரியுமில்ல? ஒருத்தர் தும்மினா இன்னொருத்தர் ஆசீர்வாதம் சொல்ல மாட்டார். அந்த ஆளுகிட்டப் போய், 'உங்க சேவகன் தாடையை உடைச்சவனை எனக்காக விட்டுடுங்க'ன்னு கேக்கணும். ஒரு தயவு கேட்டா அந்த ஆள் பத்து தயவு திருப்பிக் கேப்பார். அப்படியும் கேக்கலாம்னு கர்தினால் சொன்னார். ஏன்? பாக்கி அஞ்சு சுவர் வெறுமையா இருக்கு. வேற வழி இல்லை.

— அதான் சாமி, வேற வழி இல்லை, அதான்!

— பேசாம இரு தம்பி. வேற வழி இந்த அறையிலயே நிக்குதோன்னு எனக்கு இப்பத் தோணுது. இந்தப் படத்தைப் போட்டது இவதான்னா, எதுக்கு அந்த ஆளுகிட்டப் போய்ப் பல்லைக் காட்டணும்? இவ இங்கயே உக்காந்து அஞ்சு படமும் போடட்டும். படத்துக்குக் கீழ எர்கோலேன்னு பேரு இருக்கட்டும், யாரு கேக்கப் போறா?

— அப்ப அண்ணன்?

— மூணு வருஷம் சீக்கிரம் ஓடிடும்.

— செத்துடுவான் சாமி! அவனுக்கு ஏற்கெனவே இருமல்!

— நான் நீதிபதி இல்லை. பாத்ததைப் போய்ச் சொல்றவன். கண்டுபிடிக்கறதும் சுலபம். இந்தப் பின்னாடி நிக்கிற பொண்ணு முகம் காலியா இருக்கு. எனக்குப் பூசைக்கு இன்னும் நேரம் இருக்கு. போடும்மா.

— சாமி, எனக்கு முகமெல்லாம் வராது.

— வராதுன்னா வராத மாதிரி போடு. அரண்மனைக்குப் போய், 'அவளால முடியாது, அவன்தான் வேணும்'னு சொல்லிடறேன், இன்னிக்கே கவர்னருக்குக் கடுதாசி போகும். வந்தா, வருதுன்னு சொல்றேன். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். கட்டிலுக்கடியில பலகை தெரியுது பாரு, அதை எடுத்துக்க.

— அண்ணி, இங்க வாங்க. எண்ணெய்க் குப்பி எடுக்கிற மாதிரி குனிங்க. கெடுத்துடுங்க. கேக்குதா? கோணலா, பேய் மாதிரி, பூசணிக்காய் மாதிரி…

— கேக்குது. எட்டிப் போ.

— என்ன ரகசியம்?

— எந்தப் பிரஷ்னு கேட்டேன் சாமி. பாவம் அண்ணிக்குப் பிரஷ் பேர் கூடத் தெரியாது.

— சாமி, இந்தப் பொண்ணு எங்க பாக்கணும்? கவிதையில என்ன சொல்லியிருக்கு?

— அவளைப் பத்தி ரொம்ப இல்லை. அப்பனைத் தோள்ல ஏத்திக்கிட்டான், மகனைக் கையில பிடிச்சுக்கிட்டான், பொண்டாட்டிகிட்ட 'நீ கொஞ்சம் தள்ளிப் பின்னால வா'ன்னுட்டான். ஊருக்கு வெளிய வந்துதான் திரும்பிப் பாக்கறான். அவ இல்லை.

— அது வரைக்கும் திரும்பவே இல்லையா?

— இல்லை. அவனே சொல்றான், நினைப்பே வரலைன்னு.

— நல்ல மூதாதை.

— இருக்கட்டும். நீ போடு.

— ஆரம்பிச்சுட்டாங்க சாமி. ஐயோ, பிரஷ்ஷை அகப்பை மாதிரி பிடிக்கிறாங்க பாருங்க. மூக்கு… மூக்கு ஒரு பக்கமா இழுக்குதே. அண்ணி, மூக்கு காதுக்குப் போகுது.

— தெரியுது தத்தேயோ.

— கண்ணு ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டுக்குது. இடது கண்ணு சந்தைக்குப் போகுது, வலது கண்ணு கோயிலுக்குப் போகுது. சாமி, நான் சொல்லலை? சாயம் அப்பறதுதான் இவங்களுக்கு வரும். முகம்னா அண்ணன்தான்.

— ம்.

— வாயைப் பாருங்க, செத்த மீன்! மன்னிச்சுக்கங்க அண்ணி, சிரிப்பு வந்துடுச்சு. அக்கம்பக்கத்துல எல்லாரும் சொல்வாங்க, செத்திமியாவுக்குக் கோடு நேரா வராதுன்னு. ரொட்டியைக் கூடக் கோணலாத்தான் வெட்டுவாங்க.

— போதும் சாமி. இதுக்கு மேல எனக்கு வரலை.

— சரிம்மா. பாத்தாச்சு. பிரஷ்ஷைக் கீழ வை. என்னை எழுப்பி விடு தம்பி.

— அப்ப அண்ணன்…

— போன உடனே கர்தினால்கிட்டச் சொல்றேன். விளக்கு ஏத்தறதுக்குள்ள கடுதாசி கவர்னர் வீட்டுக்குப் போயிடும். நாளைக்கு மத்தியானம் உங்கண்ணன் இந்தப் படியில ஏறுவான்.

— சாமி! உங்க கையைக் குடுங்க, முத்தம் குடுக்கறேன். ரெண்டு கையையும். அண்ணி, மண்டி போடுங்க! ஏன் மரம் மாதிரி நிக்கறீங்க? ஜெயிச்சாச்சு!

— இருக்கட்டும், இருக்கட்டும். ஒண்ணு மட்டும் உங்கண்ணன்கிட்டச் சொல்லிடு. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். இந்தக் கோணல் முகத்தைச் சுரண்டிட்டு அவன் போடணும். அந்தத் தெய்வத்தைப் பிடிச்சிருக்கிற கை ரெண்டும் சுரண்டியாகணும். பெரியவர் முகத்துலயும் எனக்குச் சந்தேகம் இருக்கு. அதையும் எடுத்துட்டுத் திரும்பப் போடட்டும்.

— போட்டுடுவார் சாமி! எல்லாத்தையும் சுரண்டிடுவார்!

— பெரியவர் முகத்தையுமா சாமி?

— முகமும் கையும் ஆசான் கையால.

— அந்த வாயையும்?

— வாய் இல்லாம முகம் ஏதும்மா?

— அந்த வாய்க்கு எனக்கு… அவருக்குப் பதினோரு நாள் ஆச்சு சாமி. அவர் திரும்பப் போட்டா அது மெழுகாத்தான் இருக்கும். கை பஞ்சு அடைச்ச கையுறையாப் போயிடும். நீங்களே சொன்னீங்க.

— அண்ணி, விடுங்க. போயிட்டுப் போகுது. ஒரு கிழவன் வாய்தானே!

— கர்தினாலுக்கு இப்பக் கண்ணு மங்கல்ம்மா. அவருக்கு என்ன தெரியப் போகுது. வரட்டா? தம்பி, கயிறு எந்தப் பக்கம்?

— இந்தப் பக்கம் சாமி. மெதுவா. முதல் படி மட்டும் கொஞ்சம் உசரம். நான் முன்னாடி இறங்கறேன், என் தோளைப் பிடிச்சுக்கங்க. சத்தியமா சாமி, எங்க குடும்பமே உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கு. ரெண்டாவது படி. மூணு. ஆங், அப்படித்தான்.

— சாமி.

— என்னம்மா?

— ஒண்ணுமில்லை சாமி, அவங்க உங்களுக்கு நன்றி சொல்றாங்க! நீங்க இறங்குங்க, நாலாவது படி…

— சாமி, திரும்ப ஏறி வாங்க. அந்தப் பொண்டாட்டி முகத்தை நான் இன்னும் முடிக்கலை.